குடை, பாலம், சிவப்பு, டயர், மணி

கண்டக்டருக்கு நெஞ்சுவலி வந்து எட்டு மாதம் ஆகிறது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று பார்க்க வந்த அத்தனை பேரும் சொல்லிவிட்டுப் போனார்கள். தலைப்பாகையோடு சேர்ந்து உப்பும் போய்விடும் என்பதை ஒருவரும் சொல்லவில்லை.

வீட்டில் உப்பு டப்பா இருக்கும் இடம் இப்போது அவருக்குத் தெரியாது. மனைவி மருந்துக் கடைக் கவுண்ட்டரில் முப்பது வருடம் நின்றவள். எதை எந்த அலமாரியில் வைத்தால் யார் கைக்கு எட்டாது என்பது அவளுக்கு அத்துப்படி. காலையில் ஒரு மாத்திரை, சாப்பாட்டுக்குப் பின் இரண்டு, படுக்கும்முன் ஒன்று, நடுவில் நாற்பது நிமிட நடை. படியேறும்போது பேசக் கூடாது. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று ஒருநாள் தட்டைப் பார்த்து முணுமுணுத்தார். "குப்பைத் தொட்டி ஒண்ணும் தூரத்துல இல்ல. அங்கேயே உக்காந்து சாப்பிடுங்க" என்றாள். அதிலிருந்து அவர் பழமொழியையும் குறைத்துக்கொண்டார்.

நெஞ்சைப் பற்றி அவருக்கு இப்போது பயமில்லை. அடைப்பு இருந்த இடத்தில் சின்னதாக ஒரு கம்பிவலைக் குழாயை வைத்துத் திறந்துவிட்டிருக்கிறார்கள். பயமெல்லாம் தலையைப் பற்றித்தான். போன மாதம் அவருடைய செல்போன் ஃப்ரிட்ஜில் வெள்ளரிக்காய்க்குப் பக்கத்தில் படுத்திருந்தது. வைத்தது யார் என்ற விசாரணையில் வீட்டில் இருந்த இருவரில் ஒருவர்தான் குற்றவாளி என்று தெரிந்துவிட்டது. மனைவி அதை டாக்டரிடம் போட்டுக் கொடுத்துவிட, அடுத்த தடவை வரும்போது ஞாபகசக்திக்கும் ஒரு பரீட்சை வைத்துவிடலாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். எழுபத்தொரு வயதில் பரீட்சை.

"அதெல்லாம் ஒரு விஷயமே இல்ல மாப்ளே. போன வியாழக்கிழமைதான் நான் எழுதிட்டு வந்தேன். அஞ்சுக்கு அஞ்சு" என்றார் டிரைவர்.

டிரைவர் என்பவர் மனைவியின் அண்ணன். எழுபத்துநாலு வயது. இவரும் அவரும் இருபத்தாறு வருடம் ஒரே பஸ்ஸில் ஓடியவர்கள். அந்தப் பழக்கத்தில்தான் தங்கையையே கொடுத்தார். "பின்னால நின்னுக்கிட்டு ஒருத்தன் இவ்வளவு ஒழுங்கா விசில் அடிக்கிறானே, நம்ம வீட்டுக்கும் ஒண்ணு இருக்கட்டும்னு பாத்தேன்" என்று இன்றைக்கும் சொல்வார். மனைவி தவறிப்போய் ஒன்பது வருடமாகப் பக்கத்துத் தெருவில் தனியாக இருக்கிறார். தனியாக என்று சொல்வது தப்பு, ஒரு சாம்பல் நிற வேன் கூட இருக்கிறது. அதைத் துடைத்து, அதோடு பேசி, அதில் தங்கையையும் மாப்பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு கடைக்கும் ஏரிக்கரைக்கும் போய்வருவதுதான் அவருக்கு வாழ்க்கை. அந்த வாழ்க்கைக்கு இந்த மாதக் கடைசியோடு கெடு முடிகிறது. லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டும். எழுபது தாண்டியவர்களுக்குக் கண், இதயம், ஞாபகம் மூன்றும் சரியாக இருக்கிறது என்று டாக்டர் கையெழுத்துப் போட்டால்தான் புதுப்பிப்பார்கள். அதற்காகத்தான் அவர் பரீட்சை எழுதப் போனது.

"கையெழுத்து ஆச்சா மச்சான்?"

"அடுத்த வாரம் தரேன்னு சொல்லியிருக்காங்க. என் ஹார்ட்டைப் பாத்து அந்தம்மாவே அசந்துட்டாங்க. இஞ்சின் மாதிரி அடிக்குது. ஒரு மாத்திரை கிடையாது, ஒரு மருந்து கிடையாது." சொல்லிவிட்டு நெஞ்சில் இரண்டு தட்டு தட்டிக் காட்டினார். கண்டக்டருக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

பஸ்ஸில் அவர்களுக்குள் ஒரு பாகப்பிரிவினை உண்டு. ரோடு டிரைவருடையது, ஸ்டாப் கண்டக்டருடையது. எங்கே நிறுத்த வேண்டும், எங்கே திரும்ப வேண்டும், எந்தத் தெருவைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், எந்த வழியாகச் சுற்றிப் போகலாம், எல்லாம் கண்டக்டர் தலையில். "மண்டையில ஸ்டாப் ஏறினா கண்ணுல ரோடு இறங்கிடும்" என்பது டிரைவரின் சித்தாந்தம். ஒரு விசிலுக்கு நிற்பார், இரண்டு விசிலுக்குக் கிளம்புவார். இது எந்த இடம் என்று யாராவது கேட்டால், "பின்னால கேளுங்க" என்பார். அப்படியே இருபத்தாறு வருடம் ஒரு கீறல் இல்லாமல் ஓட்டிவிட்டார்.

இருவரும் ஓய்வு பெற்ற பிறகு வேனிலும் அதே பாகப்பிரிவினைதான். பின்னால் நின்ற கண்டக்டர் முன் சீட்டுக்கு வந்தார், விசிலுக்குப் பதில் வாய் வந்தது. காய்கறிக் கடைக்கு மூன்றே மூன்று திருப்பம், அதற்கும் சொல்வார். சொல்லாவிட்டால் அவருக்கு நாக்கு அரிக்கும். பழைய விசிலை மட்டும் வீட்டுச் சாவிக் கொத்தில் மாட்டி வைத்திருந்தார்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். கண்டக்டர் ஆஸ்பத்திரியில் கிடந்த பதினோரு நாளும் டிரைவர் வேனைத் தொடவில்லை. தினமும் வாடகைக் காரில்தான் பார்க்க வந்தார். "நீ பக்கத்துல இல்லாம ஸ்டீயரிங் மேல கையே போகல மாப்ளே" என்றார். கட்டிலில் படுத்திருந்த கண்டக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. கட்டிய பெண்டாட்டியிடம்கூட அந்த மனிதர் அப்படி ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டார்.

புதன்கிழமை சாயங்கால நடையில் டிரைவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அஞ்சு வார்த்தை சொல்லுவாங்க. கொஞ்ச நேரம் வேற எதையாவது கேட்டுட்டு, மறுபடியும் அந்த அஞ்சைச் சொல்லச் சொல்லுவாங்க. அவ்வளவுதான் விஷயம். குறிச்சுக்கோ. குடை, பாலம், சிவப்பு, டயர், மணி."

"இது திருட்டுத்தனம் இல்லையா?"

"திருட்டுத்தனம்தான். அதுக்கு என்ன இப்போ. ஃப்ரிட்ஜுல போன் வெச்சவன் நியாயம் பேசக் கூடாது."

கண்டக்டர் குறித்துக்கொண்டார். நடக்கும்போது, சாப்பிடும்போது, பல் தேய்க்கும்போது என்று உரு ஏற்றினார். "என்னங்க, பாத்ரூமுக்குள்ள டயர் எதுக்கு?" என்று மனைவி வெளியிலிருந்து கேட்டாள். தண்ணீர்க் குழாயை வேகமாகத் திறந்துவிட்டுச் சமாளித்தார்.

மறுநாள் காலை வேன் வாசலில் வந்து நின்றது. மனைவிக்கு அன்று பல் டாக்டரிடம் போகிற நாள், அதனால் ஆண்கள் இருவர் மட்டும். கண்டக்டர் ஏறி உட்கார்ந்து, "போலாம்" என்றார். வேன் கிளம்பியது. "லெஃப்ட் மச்சான்" என்றார். "பாலத்துக்குக் கீழ நேரா" என்றார். "சிவப்புத் தண்ணி டேங்க் தாண்டிப் போயிட்டே இருங்க. டயர் கடை வந்ததும் ரைட்." வாய் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது, மனம் பரீட்சையில் இருந்தது. வேன் வெண்ணெயில் கத்தி இறங்குவது மாதிரி கிளினிக் வாசலில் போய் நின்றது.

டாக்டரம்மா மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு அதையே மேஜையில் தேடுகிறவர். அதைப் பார்த்ததும் கண்டக்டருக்குப் பாதிப் பயம் போய்விட்டது. நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார், கையில் பட்டை கட்டிப் பார்த்தார், எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார். பிறகு ஒரு அச்சடித்த தாளை எடுத்தார்.

"அஞ்சு வார்த்தை சொல்றேன். இப்ப ஒரு தடவை திருப்பிச் சொல்லுங்க, அப்புறமாவும் கேப்பேன். குடை."

கண்டக்டர் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார்.

"குளம்."

சிரிப்பு பாதியில் நின்றது.

"பச்சை. நாற்காலி. மணி."

பேப்பரை மாற்றிவிட்டார்கள் என்று கண்டக்டருக்குப் புரிந்துபோயிற்று. எத்தனை கள்ளப் பயணிகளைப் பார்த்தவர் அவர், மாட்டிக்கொண்டவன் முழிக்கிற முழி எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். முகத்தை நேராக வைத்துக்கொண்டு ஐந்தையும் திருப்பிச் சொன்னார். பிறகு ஒரு கடிகாரம் வரைந்து பத்து பத்து காட்டச் சொன்னார் டாக்டரம்மா. வரைந்துவிட்டு, "பத்து பன்னெண்டுக்கு வண்டி எடுத்துடணும்" என்றார் கண்டக்டர். ஒரு நிமிடத்தில் எத்தனை மிருகம் சொல்ல முடியும் என்று டாக்டரம்மா கேட்டார். இருபத்துமூன்று சொன்னார், கடைசி இரண்டு சொந்தக்காரர்களை நினைத்துச் சொன்னது.

"இப்ப அந்த வார்த்தைகளைச் சொல்லுங்க."

நேற்றைய வார்த்தைகளும் இன்றைய வார்த்தைகளும் ஒரே கதவில் முண்டியடித்துக்கொண்டு வந்தன. "குடை, குளம், பாலம், பச்சை, சிவப்பு, நாற்காலி, டயர், மணி" என்று எட்டையும் இறக்கிவிட்டார்.

டாக்டரம்மா பேனாவை வைத்தார். "நான் அஞ்சுதானே சொன்னேன்?"

நுணலும் தன் வாயால் கெடும் என்பது பழமொழி. கண்டக்டர் என்றால் கேட்கவா வேண்டும். "மிச்சம் மூணு மச்சான் சொல்லிக் குடுத்தது" என்று உண்மையைக் கொட்டிவிட்டார். "போன வாரப் பேப்பர்ல அதுதான் வந்துச்சாம். நீங்க மாத்திட்டீங்க."

டாக்டரம்மா முதலில் சிரிக்கத்தான் ஆரம்பித்தார். "நாங்க எங்க மாத்தினோம்? முதல் தடவை இந்தப் பரீட்சை எழுதற எல்லாருக்கும் இதே தாள்..." அங்கேயே நிறுத்திக்கொண்டார். சொன்னதைத் திரும்ப வாங்க முடியாத முகம். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

கண்டக்டருக்கு ஒரு நொடி ஒன்றும் புரியவில்லை. அடுத்த நொடி எல்லாம் புரிந்தது. தாள் ஒன்றுதான். அஞ்சுக்கு அஞ்சு என்றாரே, அது அண்டப்புளுகு. புளுகாக இருந்தால்கூடத் தேவலையே. மச்சான் தலையில் இரண்டு வார்த்தை நின்று, மூன்று எங்கேயோ போய்விட்டது.

"அவர் விஷயத்தை நான் உங்ககிட்ட பேசக் கூடாது" என்றார் டாக்டரம்மா. "ஆனா வீட்டுலேர்ந்து யாரையாவது கூட்டிக்கிட்டு வாங்கன்னு அவர்கிட்ட சொல்லியிருந்தேன். சொன்னாரா?"

"இல்ல."

"ஓட்டும்போது கூட யாரு இருப்பாங்க?"

"நான்தான். எப்பவும் நான்தான்."

"வழி தடுமாறுதா?"

"அவருக்கா? ஒருநாளும் இல்லையே. நான்தான் பக்கத்துல இருந்து..." கண்டக்டரும் அங்கேயே நின்றுவிட்டார். காலையில் தன் வாயிலிருந்து வந்ததெல்லாம் அவர் காதில் விழுந்தது. லெஃப்ட் மச்சான், நேரா மச்சான், ரைட் மச்சான். எத்தனை வருடமாக. மச்சானுக்கு வழி தெரிகிறதா என்று பார்க்க ஒரு இடைவெளிகூட அவர் விட்டதில்லை.

வெளியே வந்தபோது டிரைவர் வேன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நின்றார். "என்ன மாப்ளே, அஞ்சா?"

"எட்டு" என்றார் கண்டக்டர்.

"பாத்தியா, என்னையே மிஞ்சிட்டே" என்று அவர் சந்தோஷமாக ஏறி உட்கார்ந்தார்.

கண்டக்டர் "போலாம்" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தையும் சொல்வதில்லை என்று தீர்மானம். சொல்லவும் முடியாமல் மெல்லவும் முடியாமல் என்பார்களே, அன்றுதான் அவருக்கு அதன் முழு அர்த்தம் தெரிந்தது. முழங்கால் இரண்டையும் கையால் பிடித்துக்கொண்டு முழங்காலையே பார்த்தார். டயர் கடை வந்தது. வேன் தயங்கியது. டிரைவர் ஒரு தரம் இந்தப் பக்கம் பார்த்தார். லெஃப்ட் என்ற சொல் கண்டக்டரின் பல்லுக்குப் பின்னால் வந்து இடித்தது. விழுங்கினார். வேன் நேராகப் போயிற்று.

ஓட்டத்தில் ஒரு பிசகு இல்லை. சிக்னலில் நிற்கிறது, பள்ளிக்கூடத்துப் பக்கம் மெதுவாகப் போகிறது, சைக்கிளுக்கு இடம் விடுகிறது. போகிற இடம்தான் வீடு இல்லை. பத்து நிமிடத்தில் கண்டக்டருக்குத் தெரிந்துவிட்டது, இது பழைய ஒன்பதாம் நம்பர் ரூட். கடைசியில் பஸ் டிப்போ மதிலை ஒட்டி, இருபத்தாறு வருடம் நிறுத்திய அதே இடத்தில், மதிலுக்கு ஒரு முழம் விட்டு வேன் நின்றது. டிரைவர் ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். அப்புறம்தான் எதிரே இருந்த கேட்டைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"நீ ஏன் ஒண்ணுமே சொல்லல மாப்ளே?"

கோபமாகக் கேட்டிருந்தால் கண்டக்டர் சமாளித்திருப்பார். அவர் அப்படிக் கேட்கவில்லை. பாதி வழியில் இறக்கிவிடப்பட்டவர் கேட்பது மாதிரி இருந்தது. கண்டக்டருக்கு நெஞ்சு அடைத்தது, குழாய் வைத்த இடத்தில் இல்லை, அது நன்றாகத்தான் இருந்தது.

"டாக்டரம்மா பேப்பரை மாத்தவே இல்ல மச்சான்" என்றார்.

டிரைவர் ஸ்டீயரிங்கைத் தடவிக்கொண்டே இருந்தார். "எத்தனை சரி?"

"ரெண்டு. குடையும் மணியும்."

"ரெண்டு" என்று அவர் சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு, விட்டுவிட்டு வருகிற மழைபோல, சொல்ல ஆரம்பித்தார். "போன வாரம் நீ இல்லாம தனியாப் போனேன். உன்னைக் கூப்பிட்டா எதுக்குன்னு கேப்பே. வழி மறந்துடக் கூடாதேன்னு வீட்டுலேயே சொல்லிக்கிட்டேன். முதல்ல பாலம், அப்புறம் சிவப்பு டேங்க், அப்புறம் டயர் கடை. அங்க போய் உக்காந்தும் அதைத்தான் சொல்லிக்கிட்டிருந்தேன். திரும்பி வரணும் இல்ல. திரும்பறப்போ அதையே ரிவர்ஸ்ல சொல்லணும். அந்தம்மா என்னென்னவோ வார்த்தை சொன்னாங்க. அதுக்கெல்லாம் உள்ள இடமே இல்ல மாப்ளே."

பாலம், சிவப்பு, டயர். ராத்திரியும் பகலுமாகத் தான் உரு ஏற்றியது மச்சான் வீடு திரும்புகிற வழியை என்று கண்டக்டருக்கு இப்போதுதான் தெரிந்தது. மச்சான் தோளில் கையை வைத்தார்.

"எத்தனை நாளா?"

"ஒரு வருஷம் இருக்கும். நீ பக்கத்துல இருந்தா ஒண்ணும் தெரியாது. நீ ஆஸ்பத்திரியில படுத்தப்போதான் பயந்துட்டேன். பதினோரு நாள் வண்டியே எடுக்கல. ஏன்னு ஒருத்தரும் கேக்கல."

தான் எங்கே கேட்டோம், பாசம் என்று நினைத்துக் கண் கலங்கியதுதான் மிச்சம். பாசமும் இல்லாமல் இல்லை என்று கண்டக்டர் தன்னைத் தேற்றிக்கொண்டார். அவருக்கும் கண்ணைத் துடைக்க ஏதாவது வேண்டியிருந்தது. துணி இருக்குமென்று முன்னால் இருந்த சின்னப் பெட்டியைத் திறந்தார். துணி இல்லை. மாத்திரை அட்டைகள் சரசரவென்று மடியில் கொட்டின. ஒன்றுகூடப் பிரிக்கவில்லை.

"இது என்ன மச்சான்?"

"பிரஷருக்கு. உன்னைப் பாக்க வந்தப்ப அங்க ஒரு நர்ஸ் எனக்கும் பட்டை கட்டிப் பாத்துச்சு. நூத்தி எண்பத்துச் சொச்சம்னுச்சு. அங்கேயே ஒரு டாக்டர் எழுதிக் குடுத்தார். மாசாமாசம் வாங்கிடுவேன்."

"வாங்கிட்டு?"

"சாப்பிட ஆரம்பிச்சா லைசென்ஸ் பேப்பர்ல பிரஷர்னு எழுதிடுவாங்களே." அந்த வயதிலும் மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரிதான் தலையைத் திருப்பிக்கொண்டார். "சரி, நீ வழி சொல்லு, நான் ஓட்டறேன். வீட்டுக்குப் போலாம்."

இருபத்தாறு வருடத்தில் கண்டக்டர் ஒருநாளும் செய்யாததை அன்று செய்தார். சாவியைத் திருப்பி எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "மாட்டேன் மச்சான்" என்றார். பிறகு மனைவிக்குப் போன் போட்டார்.

அவள் அரை மணியில் வாடகைக் காரில் வந்து இறங்கினாள். கன்னம் ஒரு பக்கம் வீங்கியிருந்தது, பல் டாக்டர் போட்ட ஊசியின் மரமரப்பு இன்னும் போகவில்லை. மாத்திரை அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தேதி பார்த்தாள். முப்பது வருடம் கவுண்ட்டரில் இருந்து ஊருக்கெல்லாம் மாத்திரையை எண்ணிக் கொடுத்தவள். அண்ணனை ஒன்றும் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"தள்ளி உக்காருண்ணா" என்றாள்.

"எதுக்கும்மா?"

"வண்டி எடுக்கணும். நடு ரோட்டுலயா குடித்தனம் பண்றது?"

"உனக்கு ஓட்டத் தெரியுமா?" என்று கேட்டது டிரைவர் இல்லை, கண்டக்டர்.

அவள் கைப்பையிலிருந்து லைசென்ஸை எடுத்துப் புருஷன் மூக்குக்கு நேரே நீட்டினாள். "கல்யாணத்துக்கு முன்னாடி அண்ணன்தான் இதே டிப்போ மைதானத்துல கத்துக் குடுத்துச்சு. ஒவ்வொரு தடவையும் ஒழுங்காப் புதுப்பிச்சு வெச்சிருக்கேன். ரெண்டு பேரும் முன்னாடி ஏறி உக்காந்துக்கிட்டா நான் எங்க ஓட்டறது?" எட்டு வார்த்தையை ஒன்றுவிடாமல் ஒப்பித்த மகாராஜனுக்குப் பெண்டாட்டியின் லைசென்ஸ் ஞாபகத்தில் இல்லை. டிரைவர் அந்த நிலையிலும் சிரித்துவிட்டார். "அது எனக்கு ஞாபகம் இருக்கு மாப்ளே. கிளட்ச்சை மிதிக்கச் சொன்னா என் காலை மிதிச்சா."

திங்கட்கிழமை மூவரும் டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்தார்கள். அதற்குள் வீட்டிலேயே ஒரு வழக்கு நடந்து தீர்ப்பும் ஆகியிருந்தது. தங்கை அண்ணன் வீட்டுக்கே போய், நாலு நாளாகக் காலை மாத்திரையைத் தன் கையால் கொடுத்து, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு வந்திருந்தாள்.

டாக்டரம்மா மேஜைமேல் இருந்த பிளாஸ்டிக் இதயத்தைத் திறந்து காட்டினார். "இங்கேருந்து கிளம்பற ரத்தம்தான் தலைக்கும் போகுது. வருஷக்கணக்கா பிரஷரை ஏத்தி வெச்சா மேல இருக்கற சின்னக் குழாய்ங்கதான் முதல்ல கஷ்டப்படும். இதயத்துக்கு நல்லது பண்ணினா மூளைக்கும் அதுல பங்கு உண்டு."

"அப்போ மாத்திரை சாப்பிட்டா போனதெல்லாம் வந்துடுமா?" என்று டிரைவர் கேட்டார்.

"அப்படி நான் சத்தியம் பண்ண மாட்டேன். இன்னும் சில டெஸ்ட் பாக்கணும். ஆனா பிரஷரை இறக்கி, நடந்து, நாலு பேரோட பேசி, தலைக்கும் வேலை குடுத்துப் பாப்போம். இருக்கறதைக் காப்பாத்திக்கலாம். ஆறு மாசம் கழிச்சு மறுபடி பாக்கறேன், வேற வார்த்தைகளோட." கடைசி வார்த்தைக்குக் கண்டக்டரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு லைசென்ஸ் படிவத்தை எடுத்து, எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்தார்.

பூனைக்கு யார் மணி கட்டுவது என்று அந்த அறையில் மற்ற மூன்று பேரும் தரையைப் பார்த்தார்கள். கட்டியது பூனைதான்.

"கையெழுத்துப் போட வேணாம்மா" என்றார் டிரைவர். படிவத்தைத் தானே வாங்கி நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "நாப்பது வருஷத்துக்கு மேல ஓட்டியாச்சு, ஒரு ஆளை இடிச்சதில்ல. அந்தப் பேரு அப்படியே இருக்கட்டும்." பிறகு, "ஆனா வண்டியை விட்டு இறங்க மாட்டேன். வேற வேலை எதாச்சும் குடுங்க" என்றார்.

வேலை கொடுத்தது தங்கை. கிளினிக் வாசலில் வேன் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு சட்டம் போட்டாள். "நான் ஓட்டறேன். அண்ணன் முன்னாடி உக்காந்து வழி சொல்லணும். இனிமே அதுதான் கண்டக்டர். நீங்க பின்னால." புருஷனைப் பார்த்தாள். "வாயைத் திறந்தீங்க, இறக்கி விட்டுடுவேன். நடந்து வாங்க, ஹார்ட்டுக்கும் நல்லது."

பின் சீட்டில் கண்டக்டர் உட்கார்ந்த கோலத்தைப் பார்க்க வேண்டும். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்றுகூட அவர் இப்படித் தவிக்கவில்லை. வேன் கிளம்பியது. அவள் ஓட்டுவது கொஞ்சம் உதறலாகத்தான் இருந்தது. டிரைவரின் வலது கால் இல்லாத பிரேக்கை இரண்டு தரம் மிதித்தது. டயர் கடை தெரிந்தது. வேன் வேகம் குறைந்து, குறைந்து, நின்றேவிட்டது. அவள் அண்ணனைப் பார்க்காமல் நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் ஒருத்தர் ஹாரன் அடித்தார், இன்னொருத்தரும் சேர்ந்துகொண்டார்.

நேரே போகிற ரோடு இருபத்தாறு வருடம் பழகிய ரோடு, அது கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்திருக்கும். டிரைவர் அதைப் பார்த்தார். இடப்பக்கம் பார்த்தார். உதடு அசைந்தது. கண்டக்டர் தன் வாயைத் தன் கையாலேயே பொத்திக்கொண்டார். மச்சானே, நான் இருக்கிறேன், ஆனால் இதை நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் கெஞ்சினார்.

"டயர் கடை" என்றார் டிரைவர் மெதுவாக. "லெஃப்ட். அப்புறம் சிவப்பு டேங்க். அப்புறம் பாலம்."

வேன் இடது பக்கம் திரும்பியது. கண்டக்டருக்குப் பேசத்தான் தடை, வேறு எதற்கும் தடை இல்லை. சாவிக் கொத்திலிருந்த விசிலை எடுத்து இரண்டு தரம் ஊதினார். அந்தச் சின்ன வேனுக்குள் அது காதைக் கிழித்தது. "யோவ்" என்றாள் மனைவி, கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக.

டிரைவர் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடியில் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பாலத்துக்குக் கீழ நேரா போம்மா" என்றார். "மெதுவாவே போ. பின்னால ஹார்ட் பேஷண்ட் இருக்கான்."